குறத்தி ஆட்டமும் குற்றப் பதிவேடும்

தமிழ்த் திரைப்படம் வாய் திறந்து பேசத் தொடங்கிய ஆண்டு 1931. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தைத் தமிழின் முதற் பேசும்படமெனப் பெருமையோடு குறிக்கின்றோம். அதே ஆண்டில், தமிழ் ஒலியோடு வெளிவந்த குறும்படம் ஒன்றும் உண்டு. அதில் இடம்பெற்றது குறத்திப் பாட்டும் ஆட்டமும். ஆடிக்காட்டியவர் ஜான்சி பாய் என்ற நடிகை. கம்பனைப் பாட வைத்திருக்கலாம், வள்ளுவனைப் பேச வைத்திருக்கலாம். ஆயினும் ஊமையாய் இருந்த திரைக்கு நாக்கு முளைத்ததும் அது முதலில் ஆசைப்பட்டவற்றுள் ஒன்று, குறத்தி வேடம் கட்டி இடுப்பசைத்து ஆடுவது!

இஃது ஏதோ தமிழ்நாட்டுக்கே உரிய விந்தை என்று எண்ணிவிட வேண்டா. கடல் கடந்து பாருங்கள். அமெரிக்காவில், பேச்சும் பாட்டும் கேட்கும் முதல் முழுநீளப் படமெனப் பெயர் பெற்றது 1927இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்'. அதன் நாயகன் ஆல் ஜோல்சன் வெள்ளைக்காரர். முகத்தில் கரியைப் பூசி, உதட்டைத் தடித்ததாய்த் தீட்டிக்கொண்டு, நீக்ரோ வேடத்தில் பாடினார். அந்தக் கரிப்பூச்சு அவர் கண்டுபிடித்ததன்று. ஒரு நூற்றாண்டுக் காலமாக அந்நாட்டு மேடைகளில் வெள்ளையர் கறுப்பரைப்போல் வேடமிட்டுச் சிரிப்பு மூட்டிப் பிழைத்த வழக்கமே திரைக்கு வந்தது. 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற பேசாப்படமோ இன்னும் ஒரு படி சென்று, கறுப்பனைக் கண்டாலே பெண்கள் நடுங்க வேண்டும் என்று நாட்டுக்கு ஓதியது. அவனைக் கோமாளியாக்கு, இல்லையேல் கொடியவனாக்கு. மூன்றாவது உருவம் அவனுக்கு வழங்கப்படவில்லை.

அங்கே கறுப்பர். இங்கே குறவர், நரிக்குறவர், இருளர். அங்கே நடந்ததை இனவெறி என்று நாம் தயங்காமல் சொல்கின்றோம். இங்கே நடந்ததற்கு மட்டும் 'கிராமியக் கலை', 'நகைச்சுவைப் பகுதி', 'போட்டிப் பாட்டு' என்று பெயர்கள் வைத்திருக்கின்றோம். பெயரை நீக்கிவிட்டுப் பொருளைப் பார்ப்போமா? செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரையில் வாழும் அந்த மக்களை அருகில் வைத்துக்கொண்டே பார்ப்போம்.

குறவர் என்ற சொல்லுக்குச் சங்கப் பாடல்களில் இழிவு ஏதும் இல்லை. மலைநிலத்தின் மைந்தர் அவர்; தினை விதைப்பவர், தேன் எடுப்பவர். பிற்காலத்துக் குறவஞ்சி நூல்களிற்கூட, குறி சொல்ல வரும் குறத்தி அரசன் மகளின் எதிரில் நின்று தன் மலையின் வளத்தைத் தலைநிமிர்ந்தே கூறுகின்றாள். தலை எப்போது குனிந்தது? யார் குனிய வைத்தார்?

வெள்ளையன் ஆட்சியில், 1871ஆம் ஆண்டு, குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்று பிறந்தது. முதலில் வடபுலத்துக்கு வந்த அந்தச் சட்டம், 1911இல் திருத்தி விரிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்தையும் பற்றிக்கொண்டது. களவு செய்தவனைத் தண்டிப்பதற்கு நாட்டில் வேறு சட்டம் இருக்கவே செய்தது. இச்சட்டம் பிறப்பைத் தண்டித்தது. இன்ன குலத்தில் பிறந்தாயா, உன் பெயர் பதிவேட்டில் ஏறும். உன் கைரேகை காவல் நிலையத்தில் இருக்கும். இரவில் எங்கே உறங்குகின்றாய் என்பதைக் காவலர்க்குக் காட்டியாக வேண்டும். அடுத்த ஊருக்குப் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். சென்னை மாகாணத்தில் அந்த வலையில் வீழ்ந்தவர்களுள் குறவர் முதல் வரிசையில் நின்றனர். குண்டூர்ப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பு ஏற்படுத்தப்பட்டு, எருகுல மக்கள் அங்கே அடைக்கப்பட்டனர். கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்தது.

சட்டத்துக்குத் துணையாக அறிவியல் என்ற அங்கியையும் ஒருவர் அணிந்து வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராய் இருந்த எட்கர் தர்ஸ்டன். மக்களை வரிசையில் நிறுத்தி, மண்டையின் நீளம் எவ்வளவு, மூக்கின் அகலம் எவ்வளவு என்று கருவி கொண்டு அளந்தார். 1909இல் வெளிவந்த அவருடைய 7 தொகுதிகளில் தென்னாட்டுக் குலங்கள் அனைத்தும் அகரவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பகுதிகளின் இருளர் வில்லியர் என்றும் வழங்கப்படுவதை அந்நூல் குறிக்கின்றது. பயன் இல்லாத நூல் என்று நாம் கூறமாட்டோம். இன்று ஆய்வாளர் அதனைத் தேடிப் படிக்கத்தான் செய்கின்றனர். எனினும் அந்த அடுக்கின் வேலை யாது? மனிதனை மாதிரிப் பொருளாக்கியது. இருளன் என்றால் இப்படி இருப்பான், குறவன் என்றால் இப்படிச் செய்வான்! ஒருவனைத் தனியாளாய்ப் பார்க்கும் தொல்லை இனி யார்க்கும் இல்லை.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிக்கப்பட்டது. வழக்கக் குற்றவாளிகள் சட்டமென்ற வேறொரு பெயரில் அதன் நிழல் 1948இலேயே இங்கு வந்து சேர்ந்ததும் உண்மை. அது தனிக் கதை. நம் கதைக்கு வேண்டியது இவ்வளவே: காவல் நிலையத்தில் மூடப்பட்ட பதிவேடு திரையரங்கிலே திறந்து வைக்கப்பட்டது.

திரையில் அந்த மக்கள் எப்படி வந்தனர் என்பதை நினைத்துப் பாருங்கள். தலையில் கொண்டை, கழுத்தில் பாசிமணி, தோளில் பை, கையில் உண்டிவில். வாயில் ஒரு வகைக் கொச்சை. அதைக் கேட்டதும் அரங்கம் கொல்லென்று சிரிக்கவேண்டும். ஆணாயின் அவன் பையில் திருட்டுப் பொருள் இருக்கும், அல்லது அவன் ஏமாறுவான். பெண்ணாயின் நாணம் அற்றவள், பார்ப்பவர் கண்ணுக்கு விருந்து. துப்பறியும் நாயகன் மாறுவேடம் புனைய வேண்டுமா, அவனும் நாயகியும் ஒரு பாட்டுக்குக் குறவனும் குறத்தியுமாய் ஆகிவிடுவர். பாட்டு முடிந்ததும் வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாளிகைக்குத் திரும்புவர். வேடம் கழற்ற முடியாதவர்கள் எங்கே போவார்கள்?

இதில் இன்னொரு குழப்பம். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. குறவர் தமிழ் பேசும் மண்ணின் பழங்குடி. நரிக்குறவர் தம்மை வாக்ரி என்று சொல்லிக்கொள்வர்; அவர்கள் வீட்டுக்குள் பேசும் வாக்ரிபோலி, வடநாட்டுக் குசராத்தி, மராத்தி மொழிகளோடு உறவுடையது. பல தலைமுறைகளுக்குமுன் வடமேற்கிலிருந்து தெற்கே வந்தவர்கள். மொழியாலும் மரபாலும் வேறான இவ்விரு மக்களையும் ஒரே கொண்டை, ஒரே பாசிமணி, ஒரே கொச்சைக்குள் போட்டு அடைத்தது சினிமா. வேறுபாடு தெரியாமல் செய்தது என்று சொல்லுவதற்கில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை என்பதே சரி. வெள்ளைக்காரப் படங்களில் இந்தியன் என்றால் தலைப்பாகையும் மகுடியும், ஆப்பிரிக்கன் என்றால் ஈட்டியும் இலை ஆடையும் என்று வகுத்து வைத்தார்களே, அந்தச் சோம்பல்தான் இங்கும்.

1968ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பம்பாயில் 'படோசன்' என்றொரு இந்திப்படம் வந்தது. அதிலே மெகமூது என்ற நகைச்சுவை நடிகர் தமிழ்நாட்டுப் பாட்டு வாத்தியாராய் வேடம் பூண்டார். குடுமி, நெற்றிக்குறி, உடைந்த இந்தி. வடநாட்டான் விழுந்து விழுந்து சிரித்தான். தமிழனென்றால் இப்படித்தானா என்று நமக்குச் சினம் வருகின்றது, வரவேண்டியதுதான். அரை நூற்றாண்டு ஆகியும் அந்தச் சிரிப்பு வடக்கே ஓயவில்லை. 2013இல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' அதற்குச் சான்று. ஆனால் அதே 1968இல் நம் தமிழ்நாட்டில் வெற்றி முரசு கொட்டியது 'ஒளிவிளக்கு'. எம்.ஜி.ஆரின் நூறாவது படம். அதிலே அவரும் செயலலிதாவும் நரிக்குறவர் வேடத்தில் ஆடிப்பாடும் காட்சியைக் கண்டு நாடே கை தட்டியது. பம்பாய் நம்மைப் பார்த்துச் சிரித்ததற்கும், நாம் பூஞ்சேரிக்காரரைப் பார்த்துச் சிரித்ததற்கும் என்ன வேற்றுமை? வேண்டுமானால் ஒன்று சொல்லலாம்: நமக்கு எழுத ஏடு இருந்தது, கண்டிக்க மேடை இருந்தது. அவர்களுக்கு இரண்டும் இல்லை.

இதைத் திராவிட இயக்கத்தார் ஏட்டிலேயே எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இங்கன்றி வேறெங்கே எழுதுவது? சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது எங்கே? இதே செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டொழியுங்கள் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. தலைமை தாங்கிய சவுந்தரபாண்டியனார் முதலியோர் தம் பெயரின் வாலை அங்கேயே வெட்டினர். பட்டத்தை விடுவது, பட்டம் உடையவனுக்கு வந்த கடமை. ஆனால் தன் குலப்பெயரே ஊரார் வாயில் வசைச்சொல்லாய்ப் போனவன் எதை விடுவது? 'குறவன்' என்று ஒருவனை ஏச ஒரு வசனகர்த்தா எழுதுகின்றான், நடிகன் பேசுகின்றான், தணிக்கைக் குழு தலையாட்டுகின்றது. இராவணனை ஏன் கறுப்பாய்க் கோரமாய்த் தீட்டினாய் என்று கேட்ட இயக்கம் இது. 1952இல் 'பராசக்தி'யில் பூசாரியை நோக்கிக் கேள்விக்கணை தொடுத்த இயக்கம் இது. அந்தக் கணை வேட்டுவன் வேடத்தின் பக்கம் போதுமான அளவு திரும்பவில்லை என்பது வரலாறு. வரலாற்றில் நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது புராணிகர் வேலை.

விலக்கு அறவே இல்லை என்றும் கூறிவிடக் கூடாது. 1972இல் கே. எஸ். கோபாலகிருட்டிணன் 'குறத்தி மகன்' என்ற படத்தை எடுத்தார். நரிக்குறவப் பெண்ணொருத்தி தன் மகனைக் கல்வியின் பக்கம் அனுப்பத் துடிப்பதைக் கதையாக்கினார். கே. ஆர். விசயா நடித்தார். அவள் ஒரு தாயாக, ஆசைகள் உடையவளாக, அங்கே வந்தாள். ஆட்டமும் பாட்டும் அதிலும் உண்டுதான். ஆயினும் பாட்டு முடிந்த பின்னும் அவள் திரையில் இருந்தாள். அது சிறிய செய்தியன்று.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். வெளிநாட்டார் வந்து வாய்பிளந்து நிற்கும் அந்தப் பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில் தேவரும் முனிவரும் யானையும் மட்டும் இல்லை. வில்லேந்திய வேடர்களும் இருக்கின்றனர். 1,300 ஆண்டுகளுக்குமுன் உளியெடுத்த பல்லவச் சிற்பி, அவர்களைக் கோமாளிகளாய்ச் செதுக்கவில்லை. மற்ற உருவங்களுக்குக் கொடுத்த உடற்கட்டை அவர்க்கும் கொடுத்தான். மகிடாசுரமர்த்தினி குகையில் மகிடனைப் பாருங்கள். எருமைத் தலையன்தான், ஆனால் கதையை ஏந்தி மன்னனாய் நிற்கின்றான். நாம் புராணத்தை ஏற்றவர் அல்லர். ஆனால் தோற்கப்போகின்றவனுக்கும் ஒரு மிடுக்கைக் கொடுத்த அந்த உளிக்காரன் நம் ஒப்பனைக்காரரினும் நாகரிகமுடையவன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதே கடற்கரையில், மாசி மாதத்து முழுநிலவன்று, பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பம் குடும்பமாய் வந்து கூடுவர். புடவைகளையும் துணிகளையும் கட்டிக் கூடாரமாக்கி மணலில் தங்குவர். விடியற்காலையில் கன்னியம்மனுக்குப் படையலிட்டு, அலைகளின் ஓரத்திலேயே திருமணம் பேசி முடிப்பதும் நடத்துவதும் உண்டு. புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, தரகர் இல்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கேட்டுப் போராடினோமே, அச்சட்டம் 1967இல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் ஐயரை அழைத்தவர் இல்லை. படம் பிடிப்பவர் வருகின்றார்கள். எதைப் படம் பிடிக்கின்றார்கள்? கறுத்த மேனியையும் கலைந்த தலையையும்!

கரையோரமாய் வடக்கே சிறிது தொலைவு சென்றால் வடநெம்மேலி. அங்கே 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கின்றது. பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் தடைப்பட்டு, அதுவரை தோல் விற்றுப் பிழைத்த இருளர் வயிறு காய்ந்தபோது, பாம்பறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு எழுந்தது அச்சங்கம். பாம்பைக் கொன்று தோலெடுத்த கைகள், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுக்கத் தொடங்கின. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு வகைப் பாம்புகள். பிடித்து வந்து, மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர். சில வாரங்களில் சில தடவை நஞ்சு எடுத்தபின், அதே பாம்பு மறுபடி விரைவில் பிடிபடாதிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டிலே கொண்டுபோய் விட்டுவிடுவர். இந்நாட்டில் நச்சுமுறி மருந்து செய்வதற்குரிய நஞ்சில் பெரும்பங்கு இந்தச் சிறிய சங்கத்திலிருந்தே சென்றது. 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். மருந்தும் இல்லையேல் அந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்!

இப்போது திரையைப் பாருங்கள். 1954இல் இந்தியில் 'நாகின்', 1979இல் தமிழில் 'நீயா?' என நாகப்படங்கள் வரிசையாய் வந்தன. அவை காட்டியது என்ன? மகுடி ஊதினால் பாம்பு மயங்கி ஆடும், பாம்பு பெண்ணாகும், பழி வாங்கும், பாம்பாட்டி மந்திரம் அறிந்தவன். பாம்புக்குப் புறச்செவி இல்லை. பாட்டின் இனிமை அதற்கு எட்டுவதில்லை. ஊதுபவன் மகுடியை ஆட்ட ஆட்ட, அந்த அசைவைத்தான் அது பின்தொடர்கின்றது. இருளர் கையில் மகுடியும் இல்லை, வாயில் மந்திரமும் இல்லை. அவர்களிடம் இருப்பது கடப்பாரை ஒன்றும் கண்கள் இரண்டும். புழுதியில் பாம்பு ஊர்ந்த தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம், எலிவளையின் வாயில் மண் வழவழத்துக் கிடக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து, இன்ன பாம்பு, இவ்வளவு பருமன், உள்ளே இருக்கின்றதா போய்விட்டதா என்று சொல்வர். கூர்ந்து நோக்கல், ஒப்பிடல், முடிவுக்கு வரல்: நாம் வகுப்பறையில் அறிவியல் முறை என்று கரும்பலகையில் எழுதிப் போடுகின்றோமே, அது இதுதான். பகுத்தறிவாளனை மந்திரவாதியாக்கிக் காட்டிவிட்டது திரைப்படம்.

2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில், பெருகிப்போன மலைப்பாம்புகளை அந்நாட்டார் கண்டுபிடிக்கத் திணறியபோது, செங்கற்பட்டுப் பகுதியின் இருளர் இருவரை அழைத்துச் சென்றனர். மாசி சடையன், வடிவேல் கோபால். போன சில நாள்களிலேயே பத்துக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்துக் காட்டினர். 2023இல் இருவர்க்கும் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. வெள்ளைக்காரப் படங்களில் பாம்பாட்டி என்பது இந்தியரை இழிக்கும் சின்னம். அதே வெள்ளைக்கார நாடு இருளரின் அறிவை நாடி வானூர்தியில் அழைத்தது. இதைக் கதையாக்கும் துணிவு நம் திரைப்பட முதலாளிகளில் ஒருவர்க்கு வாய்த்தால் நன்று. காத்திருக்கின்றோம்.

செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம்வெட்டும் காட்டிலும், முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்து, அதிகாரிகளால் மீட்கப்பட்டோருள் இருளர் எத்தனை பேர் என்பது செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்துச் செய்தித்தாள் படிப்பவர்க்குத் தெரியும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் அது தேவைப்பட்டது. திரையில் கொள்ளையடிக்கும் இவர்களிடமிருந்து, உண்மை வாழ்வில் கொள்ளை போனது இவர்களின் உழைப்பு.

'இஃதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதற்கேன் இவ்வளவு ஆத்திரம்?' என்று நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பவர். பள்ளியொன்றில் ஆண்டுவிழா, பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. ஒருவன் பாரதியாராய் வந்தான், ஒருத்தி சான்சி ராணியாய் வந்தாள். மூன்றாவதாக, முகத்தில் மை அப்பி, பாசிமணி மாலை போட்டுக்கொண்டு, குறவனும் குறத்தியுமாய் இரு குழந்தைகள். தொலைக்காட்சி நகைச்சுவையில் கேட்ட கொச்சையை அப்படியே ஒப்பித்தனர். அரங்கு அதிர்ந்தது, முதற்பரிசு. நம் வகுப்பில் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவள் அதற்குப் பின் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. பரிசளித்ததை நாம் எதிர்த்துக் கேட்டபோது, 'குழந்தைகள் விளையாட்டு' என்று விடை வந்தது. வீடு தேடிப் போய் அழைத்து வந்தோம். வந்தவள் கழுத்தில், எப்போதும் அணிந்திருக்கும் மணிமாலை இல்லை. அவள் தாயார் கோத்துக் கொடுத்தது அது. ஏன் கழற்றினாய் என்று கேட்க நமக்கு நா எழவில்லை.

பதிவேடு முடிந்து போயிற்று என்போர் இந்த ஒன்றுக்கு விடை சொல்லட்டும். இடைநிற்றல் என்று கல்வித் துறை கணக்கெடுக்கின்றது. வறுமை, இடப்பெயர்வு, இளமை மணம் என்று காரணம் எழுதுகின்றனர். எல்லாம் உண்மை. சிரிப்பு என்ற காரணத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

2021 நவம்பர் 2ஆம் நாள் 'ஜெய் பீம்' வெளிவந்தது. த. செ. ஞானவேல் இயக்கம்; சூரியா வழக்கறிஞராய் வந்தார். இருளர் இளைஞன் பொய்க் களவுவழக்கில் சிக்கிக் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்படுவதும், அவன் மனைவி நீதிமன்றம் ஏறி வெல்வதும் கதை. இருளரைத் திருடராகக் காட்டும் திரைக்கு, திருடரென முத்திரை குத்தும் அரசைக் காட்டிய படம் இது. அந்த மட்டில் 1931 தொடங்கி வந்த கணக்கில் இது பெருந்திருப்பம் என்று சொல்வதில் நமக்குத் தடையில்லை. நாடு கண்ணீர் விட்டது. ஆயினும் இரு செய்திகள் நெருடுகின்றன. ஒன்று, முதன்மைப் பாத்திரங்களை ஏற்றோர் அச்சமூகத்தவர் அல்லர். இருளராய்த் தோன்ற அவர்கள் மேனிக்குக் கறுப்பேற்றப்பட்டது என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினர். ஜோல்சன் ஏளனத்துக்காகப் பூசினார், இவர்கள் இரக்கத்துக்காகப் பூசினர். நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை, மறுக்கவில்லை. இருந்தும், 'பழங்குடி என்றால் இந்த நிறம்' என்ற தர்ஸ்டன் அளவுகோல் ஒப்பனை அறையிலிருந்து இன்னும் வெளியேறவில்லை. மற்றொன்று, படத்துக்கு வேராய் அமைந்த 1993ஆம் ஆண்டுக் கடலூர் மாவட்ட வழக்கில் உயிரிழந்தவர் இருளர் அல்லர், குறவர். கதைக்காக மாற்றினார்கள். கதை எழுதுவோர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளாகக் களவுக்கும் கூத்துக்கும் குறவரைத் தேடித் தேடி அழைத்த திரை, அவர் பக்கம் நியாயம் இருந்த ஒரு கதை வந்தபோது அவர் பெயரைச் சொல்லவில்லை.

படம் வெளிவந்து இரண்டே நாள் கழிந்து, தீபாவளியன்று, நவம்பர் 4இல், முதலமைச்சர் மு. க. சுடாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு நேரில் சென்றார். அதற்குச் சில நாள் முன்னர்தான், கோயிலில் நடந்த அன்னதானப் பந்தியில் தம்மை உட்காரவிடாது விரட்டினர் என்று நரிக்குறவப் பெண்ணொருவர் பேசிய காட்சி ஊரெங்கும் பரவியிருந்தது. அமைச்சர் ஒருவர் அதே கோயிலில் அவரோடு அமர்ந்து உண்டார். பிறகு முதலமைச்சர் வந்து நரிக்குறவர்க்கும் இருளர்க்கும் வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்று முதலியவற்றை வழங்கினார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பெண் பேசியதைக் காட்டிய படத்தில் இயக்குநர் இல்லை, வசனகர்த்தா இல்லை, ஒப்பனை இல்லை. கைப்பேசிக்கு முன் நின்று தம் சொல்லைத் தாமே சொன்னார். திரையில் கேட்டுப் பழகிய கொச்சை அதில் இல்லை. சினமும் தெளிவும் இருந்தன. அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

2023 சனவரியில், நரிக்குறவரைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நடப்புக்கு வந்தது. பல பத்தாண்டுக் கோரிக்கை. அதே ஆண்டில், குறவன்–குறத்தி ஆட்டம் என்ற பெயரில் விழா மேடைகளில் நடந்து வந்த ஆபாசக் கூத்துக்குத் தமிழ்நாட்டு அரசு தடை போட்டது. குறவர் அமைப்புகள் நெடுங்காலம் மனுக் கொடுத்தும் நீதிமன்றம் ஏறியும் பெற்ற தடை அது. 1931இல் திரையேறிய ஆட்டத்தை மேடையிலிருந்து இறக்க 92 ஆண்டுகள்.

அவ்வாண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னைத் திரையரங்கொன்றில் 'பத்து தல' என்ற படம் வெளியாயிற்று. நரிக்குறவர் குடும்பம் ஒன்று, சிறுபிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வாயிலுக்கு வந்தது. சீட்டைக் காட்டினர். வாயிற்காப்போர் உள்ளே விட மறுத்தனர். பக்கத்தில் நின்ற மற்ற மக்கள் ஏன் விடவில்லை என்று தட்டிக் கேட்டனர். கேட்டதைக் கைப்பேசியில் பதிந்து உலகுக்கும் காட்டினர். படத்தின் தணிக்கைச் சான்றும் பிள்ளைகளின் வயதுமே காரணம் என்று அரங்கத்தார் பின்னர் அறிக்கை விட்டனர். அதற்கு முன்பே, கூச்சல் பெருகியதும், அக்குடும்பம் உள்ளே அனுப்பப்பட்டிருந்தது. படம் தொடங்கியது. அவர்களும் இருக்கைகளில் அமர்ந்து, விளக்கணைந்த அரங்கில், வெள்ளித்திரையைப் பார்த்தனர்.